மா என்றால் என்ன? எந்த ஊரில் நின்று கேட்கிறீர்கள்?

தமிழில் ஒரே ஓர் எழுத்து தனியாக நின்று சொல்லாகும் இடங்களை நன்னூல் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. மொத்தம் 42. நாற்பத்திரண்டு என்று நேராகச் சொல்லாமல் ‘ஆறேழ்’ என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறது அந்தச் சூத்திரம். ஆ, ஈ, கை, தீ, பூ, வா, போ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதில் யாருக்கு வேலைப்பளு அதிகம் என்று கேட்டால் என் ஓட்டு ‘மா’வுக்குத்தான்.

மாமரம் ஒரு மா. அரைத்த மாவும் ஒரு மா. தமிழ்நாட்டில் ‘மாவு’ என்று ஒரு வு சேர்த்துக்கொண்டோம், இலங்கைத் தமிழர்கள் இன்றும் கோதுமை மா, அரிசி மா, பால்மா என்றுதான் சொல்கிறார்கள். விலங்கு ஒரு மா: ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்கிறது தொல்காப்பியம், மனிதர்களிலேயே சிலரை மாக்கள் என்று திட்டும் வசதியும் அங்கிருந்துதான் வந்தது. பெரியது என்ற பொருளில் மாநாடு, மாநகராட்சி, மாபெரும். மாநிறத்தில் இருக்கும் மா எது என்பதில் ஆளுக்கொரு கருத்து. கருமையைக் குறிக்கும் பழைய மா என்பார் ஒருவர், மாந்தளிரின் நிறம் என்பார் இன்னொருவர், கல்யாண விளம்பரம் கொடுப்பவர் இரண்டைப் பற்றியும் கவலைப்படுவதில்லை.

அப்புறம் கணக்கு. பழைய கீழ்வாய் இலக்கத்தில், அதாவது ஒன்றுக்குக் கீழான பின்னங்களின் கணக்கில், இருபதில் ஒரு பங்கு ‘மா’, எண்பதில் ஒரு பங்கு ‘காணி’. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று, அதன் பெயர் ‘மாகாணி’. இதே இருபதில் ஒன்று நிலத்திலும் இருக்கிறது: இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. தஞ்சாவூர்ப் பக்கம் வயலை இப்போதும் மாவில்தான் பேசுவார்கள், மூணு மா ஒரு ஏக்கர் என்று கணக்கு. பத்திரத்தில் ஹெக்டேர் இருக்கும், வரப்பில் நின்று பேசும்போது மாதான்.

இத்தனை மாக்களும் (இது விலங்கு மாக்கள் அல்ல) ஒரே வாயிலிருந்து வந்தால் கேட்பவருக்குக் குழப்பம் வராதா? வருவதில்லை. பேச்சின் இடம் பொருளைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஒரு காரணம். தமிழில் அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. மரத்தின் மாவுக்குப் பின்னால் வல்லினம் வந்தால் நடுவில் மெல்லினம் வரும்: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. அரைத்த மாவுக்குப் பின்னால் வந்தால் வல்லினமே இரட்டிக்கும்: மாக்கோலம். பெரிய என்ற மாவுக்குப் பின்னால் வந்தால் ஒன்றுமே நடக்காது: மாபெரும், மாதவம். பேசுகிறவருக்கு விதி தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் ‘மாக்காய்’ என்று ஒருநாளும் சொல்லமாட்டார். ஒலி ஒன்றாக இருந்தாலும் மொழி அவற்றைத் தனித்தனி ஆட்களாகத்தான் நடத்துகிறது, அடுத்த எழுத்து வந்து நிற்கும்போது யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. மாப்பிள்ளை மட்டும் எந்த விதிக்கும் சரியாக அடங்காதவர். வழக்கம்போல.

சீன மொழிக்குப் போனால் இதே வேலையை அடுத்த எழுத்து செய்வதில்லை, குரலின் ஏற்ற இறக்கம் செய்கிறது. மாண்டரினில் ‘மா’வை உயரத்தில் சமமாக இழுத்தால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல் இனச் செடி. இறக்கி மறுபடி ஏற்றினால் குதிரை. மேலிருந்து சட்டென்று போட்டால் திட்டுவது. எந்த ஏற்றமும் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் லேசாக ஒட்டவைத்தால் அது கேள்வி. நாம் ‘வந்தாயா’வில் வைக்கும் ஆ போலத்தான். அதனால் மாண்டரின் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்றொரு வாக்கியத்தை வைத்திருப்பார்கள். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் ‘மாமா மா மா மா’ என்று வரும். நமக்கு யாரோ மாமாவைக் கூப்பிட்டுத் திக்குகிற மாதிரி இருக்கும்.

எழுத்தில் இது இன்னும் சுவாரசியம். குதிரைக்கான சீன எழுத்தை எடுத்து, இடப்பக்கம் பெண்ணைக் குறிக்கும் வடிவத்தைச் சேர்த்தால் அம்மா. பெண்ணுக்குப் பதில் வாயைக் குறிக்கும் சதுரத்தைச் சேர்த்தால் கேள்விச் சொல். குதிரையின் தலைக்கு மேல் இரண்டு வாய்களை வைத்தால் திட்டுவது. அம்மாவுக்கும் குதிரைக்கும் சீனர்கள் ஏதோ தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. குதிரை அங்கே ‘மா என்று வாசி’ என்பதற்கான அடையாளம் மட்டும்தான், பக்கத்தில் இருப்பது எந்த மா என்று சொல்கிறது. சணல் மாவுக்கு மட்டும் குதிரை கிடையாது, அது கூரைக்கு அடியில் இரண்டு மரம் மாதிரி இருக்கும் வேறு எழுத்து. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அதைத் தெரிந்திருக்கும்: ‘மாலா’ என்று விற்கிறார்களே அந்தச் சாப்பாடு, அதில் லா என்றால் காரம், மா என்றால் நாக்கு மரத்துப்போவது. மரத்துப்போவதற்கும் சணலுக்கும் ஒரே எழுத்து.

வியட்நாமியத்தில் தொனி, அதாவது இந்தக் குரல் ஏற்ற இறக்கம், ஆறு. பேய், தெற்கத்தி வழக்கில் அம்மா, ‘ஆனால்’ என்ற இணைப்புச் சொல், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறுக்கும் ஆறு மா. தாய்லாந்தில் ‘வா’ என்பதும் மா, நாயும் மா, குதிரையும் மா. நாய் வருகிறது என்றால் மா மா. குதிரை வருகிறது என்றாலும் மா மா. தாய் மொழிக்காரர் காதுக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு சொற்கள், நமக்கு ‘பல்’லும் ‘பள்’ளும் வேறாகக் கேட்பது போல. ஒரே சொல் என்று நினைப்பது நாம்தான், ஏனென்றால் நம் காதுக்குத் தொனி பாட்டில்தான் கணக்கு, சொல்லில் இல்லை.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. சீனத்தில் மா குதிரை. சங்கத் தமிழிலும் மா குதிரை. குறுந்தொகையில் ‘மாவென மடலும் ஊர்ப’ என்று வரும். காதல் முற்றிப்போனால் பனைமடலைக்கூடக் குதிரை என்று எண்ணி ஏறிவிடுவார்கள் என்று பொருள். ஆக ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இதை வைத்துக்கொண்டு தமிழும் சீனமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றோ, தமிழன்தான் சீனாவுக்குக் குதிரை ஓட்டிக் காட்டினான் என்றோ ஒரு வாட்ஸப் செய்தி எழுத ஐந்து நிமிடம் போதும். நான் அதை நம்பமாட்டேன், காரணம் இரண்டு.

ஒன்று, இரண்டு சொற்களும் பழைய காலத்தில் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். பழஞ்சீனத்தை மீட்டெடுக்க முயலும் அறிஞர்கள் குதிரையின் மாவில் ம-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே ஒரு ர் இருந்தது என்கிறார்கள், ‘ம்ரா’ என்கிற மாதிரி. அவர்களுக்கு ஒத்தாசையாகப் பர்மிய மொழி நிற்கிறது, சீனத்துக்கு உறவான மொழி அது. அங்கே குதிரைக்கு உச்சரிப்பு ‘மியின்’, ஆனால் எழுத்தில் இன்றும் ‘ம்ரங்’ என்று ர் இருக்கிறது. தமிழ் மாவில் அப்படி ஒரு ர் இருந்த தடயமே இல்லை. தவிர நம் மா குதிரைக்கென்று பிறந்த சொல்லும் இல்லை, யானை உட்பட எல்லா விலங்குக்கும் பொதுவானது, குதிரைக்கும் ஒதுங்க இடம் கொடுத்தது.

இரண்டாவது வெறும் எண்ணிக்கை. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். ம் என்ற ஒலி இல்லாத மொழியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், ஆ-வும் அப்படித்தான். மாண்டரினில் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அசைகள் மொத்தம் 400 சொச்சம்தான், தொனியோடு சேர்த்தால் சுமார் 1,300. இதை வைத்துக்கொண்டு அம்மாவிலிருந்து அணுகுண்டு வரை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அப்படி இருக்கும்போது ஒவ்வொரு மொழியிலும் மா நாலைந்து வேலை பார்க்கும், அதில் ஏதோ ஒன்று எங்கோ இன்னொரு மொழியோடு பொருந்தும். பொருந்தாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தமிழ் மா சீனாவுக்குப் போகவே இல்லையா என்றால், போயிருக்கிறது. குதிரையில் ஏறிப் போகவில்லை, பழக்கூடையில் போனது. கோழிக்கோட்டுக் கரையில் 1498-இல் வந்து இறங்கிய போர்த்துக்கீசியர்கள் மலையாளத்து ‘மாங்ங’வைக் கேட்டு ‘மாங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலத்தின் மேங்கோ அந்த வழி வந்தது. மலாயில் ‘மங்கா’. சீனர்கள் மாம்பழத்தை ‘மாங்குவோ’ என்கிறார்கள், குவோ என்றால் அவர்கள் மொழியில் பழம், முன்னால் இருக்கும் மாங் நம் பக்கத்துச் சரக்கு. இந்த உறவை நம்பலாம், ஏனென்றால் சரக்கு போன வழி தெரிகிறது, கைமாற்றியவர்கள் யாரென்று தெரிகிறது, சொல் ஒவ்வொரு துறைமுகத்திலும் எப்படி மாறியது என்றும் தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான கதை தெலுங்கில். அங்கே மா என்றால் ‘எங்கள்’. மா இல்லு, எங்கள் வீடு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘மன’, அதாவது நம். காதுக்கு இந்த மா எந்தத் தமிழ்ச் சொல்லையும் நினைவூட்டவில்லை. ஆனால் இது நம் ‘எம்’தான். எம்மோடு ஓர் அகரம் சேர்ந்து ‘எம’ ஆனது (சங்கப் பாட்டில் ‘எம’ என்றே வரும்), தெலுங்கில் முன்னால் இருந்த உயிர் இடம்மாறிப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, மா ஆகிவிட்டது. அடித்துவிடுகிறேன் என்று தோன்றினால் மற்ற சொற்களைப் பாருங்கள்: என் என்பதற்கு அங்கே நா. அவன் வாடு, இவன் வீடு, அவர் வாரு. இரண்டு ரெண்டு. உரல் ரோலு. முதலில் உயிர் நிற்கும் சொல்லில் அந்த உயிரைத் தள்ளிவிட்டு மெய்யை முன்னுக்கு இழுப்பது தெலுங்கின் பழைய பழக்கம், ஒரு சொல்லில் மட்டும் அல்ல, வரிசையாக. ‘வரிசையாக’ என்பதுதான் சாட்சி. கேட்டால் ஒன்றாக இருப்பது உறவு இல்லை, ஒழுங்காக வேறுபடுவதுதான் உறவு. சீனக் குதிரை நம் வீட்டு ஆள் மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை. தெலுங்கு மா முகமே ஒட்டவில்லை, ஆனால் நம் ரத்தம்.

ஐரோப்பாப் பக்கம் வேறு மாதிரி. அங்கே மா பெரும்பாலும் தேய்ந்து போனதன் மிச்சம். வேறு வேறு கடையில் வாங்கிய சோப்புக் கட்டிகள் கடைசியில் ஒரே மாதிரிச் சில்லாகக் கிடக்குமே, அப்படி. இத்தாலியத்தில் மா என்றால் ‘ஆனால்’. அது லத்தீனின் ‘மாகிஸ்’, மேலும் என்று பொருள். பிரெஞ்சில் மா என்றால் ‘என்’, பெண்பால் பெயருக்கு முன்னால் மட்டும். அது லத்தீனின் ‘மேயா’. இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து கிளம்பி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்களாக இருந்து, கடைசியில் ஒரே ஒலியில் வந்து நின்றன. போலந்தில் மா என்றால் ‘அவனிடம் அல்லது அவளிடம் இருக்கிறது’. ‘ஆலா மா கோட்டா’, ஆலாவிடம் பூனை இருக்கிறது, என்பது அந்த நாட்டுப் பிள்ளைகளின் அரிச்சுவடி வாக்கியம், நம் அணில் ஆடு மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். ஹங்கேரியில் மா என்றால் இன்று. எஸ்தோனியத்தில் குறுக்கிச் சொன்னால் ‘நான்’, நீட்டிச் சொன்னால் ‘நிலம்’. குறில் நெடில் பேதம் தெரிந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஜப்பானின் ‘மா’ தனி. இரண்டு பொருள்களுக்கு, இரண்டு ஓசைகளுக்கு, இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் விடும் இடைவெளிக்கு அங்கே பெயர் வைத்திருக்கிறார்கள். நாடகத்தில் நடிகர் நிறுத்தும் அந்த ஒரு நொடியும் மா. இதைப் பற்றி மேனாட்டுக்காரர்கள் தத்துவம் பேசித் தீர்த்துவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

சமஸ்கிருதத்து மாவில்தான் எனக்கு ஆசை. அங்கே மா என்றால் ‘வேண்டாம், செய்யாதே’. கிரேக்கத்தின் ‘மே’ இதன் நிஜமான உறவு. நைஜீரியாவின் யொருபாவிலும் மா என்றால் செய்யாதே, அது வெறும் தற்செயல். வால்மீகி ராமாயணத்தில் கிரௌஞ்சப் பறவையைக் கொன்ற வேடனைப் பார்த்து வால்மீகி வாயிலிருந்து விழும் சுலோகம் ‘மா நிஷாத’ என்றுதான் தொடங்குகிறது: வேடனே, உனக்கு எந்நாளும் நிலைபேறு வேண்டாம். சமஸ்கிருதக் காவிய மரபின் முதல் சுலோகம் என்று போற்றப்படுவது சாபமாக இருக்கலாமா? உரைகாரர்களுக்குச் சங்கடம். சமஸ்கிருதத்தில் மா என்றால் லட்சுமி என்றும் பொருள் உண்டு, மாதவனுக்குச் சொல்லும் ஒரு விளக்கம் லட்சுமியின் கணவன் என்பது. ஆகவே பிரிக்காமல் ‘மாநிஷாத’ என்று சேர்த்துப் படித்து, லட்சுமி குடியிருக்கும் இடமானவனே, திருமாலே, நீ நிலைத்து வாழ்க என்று வாழ்த்தாக்கிவிட்டார்கள். ஓர் எழுத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில் வேடன் பெருமாளாகிறான்! எந்த வாசிப்பு இயல்பானது என்று கேட்டால் சாபம்தான், ஆனாலும் அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு.

அரபியிலும் மறுப்பு உண்டு, ஆனால் அங்கே அதே மாவுக்கு ‘என்ன’ என்றும் பொருள். ‘மா இஸ்முக்’ என்றால் உன் பெயர் என்ன. தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழந்தையைப் பார்த்ததும் சொல்லும் ‘மாஷா அல்லாஹ்’வில் இருப்பது இந்த ‘என்ன’வின் பக்கத்துச் சொல், அல்லாஹ் நாடியது எதுவோ அது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் ஆட்கள் முதலில் கற்றுக்கொள்ளும் ‘மாஃபி’யில் இருப்பதோ மறுப்பு: ஃபுலூஸ் மாஃபி, காசு இல்லை, மாஃபி முஷ்கில், பிரச்சினை இல்லை. பத்து வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவர் ஊர்த் தெருவில் நின்றுகொண்டு இலக்கணம் தெரியாமலே இரண்டு மாவையும் சரியாகப் போடுவார். கேள்வி எப்படி மறுப்பாகும்? ஒரு விளக்கம் நம் வாயிலேயே இருக்கிறது. ‘அவனுக்கு என்ன தெரியும்?’ என்று நாம் கேட்பது கேள்வியா? ஒன்றும் தெரியாது என்பதுதானே.

கடைசியாக அம்மா. இவ்வளவு தூரம் தற்செயல், தற்செயல் என்று சொல்லிவந்தேன், இந்த ஒன்று தற்செயலும் இல்லை, உறவும் இல்லை. ஜார்ஜ் மர்டாக் என்ற மானிடவியலாளர் உலகெங்கும் தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். அதை வைத்து மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் 1960-இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு கணக்குக் காட்டினார்: தாயைக் குறிக்கும் சொற்களில் 55 சதவீதம் ம், ந், ங் போன்ற மூக்கொலிகள் கொண்டவை, தந்தையைக் குறிப்பவற்றில் 15 சதவீதம்தான். காரணமாக அவர் சொன்னது பால் குடிக்கும் குழந்தையை. வாய் மார்பில் அடைத்திருக்கும்போது குழந்தையால் போடக்கூடிய சத்தம் மூக்கு வழியே வரும் ம்ம்ம் ஒன்றுதான். அப்புறம் பசித்தாலும் அதே சத்தம், ஆள் வேண்டும் என்றாலும் அதே சத்தம். வாயைத் திறந்தால் அது மா ஆகிறது. குழந்தை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கேட்டவள் என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

எல்லா ஊரிலும் அவளே எடுத்துக்கொண்டாள் என்றும் இல்லை. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’. ஜப்பானியத்தில் அம்மாவைக் குறிக்கும் ‘ஹாஹா’ பழங்காலத்தில் ‘பாபா’வாக இருந்தது, ப மெல்ல மெல்ல ஹ ஆனது. இந்தியில் மாமா நம் மாமாவேதான், தாயுடன் பிறந்தவர். ஸ்வாஹிலியில் மாமா அம்மா.

தமிழில் இந்த மா இன்னும் ஒரு படி போய்விட்டது, அம்மாவிலிருந்து கழன்று வெறும் ஒட்டாகவே திரிகிறது. அப்பா மகளிடம் ‘சொல்லுமா’ என்கிறார், கணவன் மனைவியிடம் ‘வாமா’ என்கிறான், காய்கறிக்காரர் யாரென்றே தெரியாத பெண்ணிடம் ‘எடுத்துக்கோமா’ என்கிறார், சென்னையில் ஆம்பளையும் ஆம்பளையும் ‘இன்னாமா கண்ணு’ என்று கொஞ்சிக்கொள்கிறார்கள், அங்கே பெண்ணுக்கும் வேலை இல்லை, தாய்க்கும் வேலை இல்லை. இதில் ‘என்னமா’வை மட்டும் கவனமாகக் கேட்க வேண்டும். ‘என்னமா, பாடுறியா?’ என்பதில் இருப்பது அம்மா. ‘என்னமா பாடுறா!’ என்பதில் இருப்பது ‘என்னமாய்’ என்பதன் தேய்ந்த வால், எவ்வளவு நன்றாக என்று பொருள், அம்மாவுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.